அப்பா நலம், காலை 6:02

வேங்கிக்கால்,
ஐப்பசி 10.

அன்புத் தம்பி எழிலுக்கு அக்கா அருணாதேவி எழுதிக்கொண்டது.

முதல் வரியில் எல்லோரும் நலம் என்று எழுதிவிட்டுத்தான் மற்றதை எழுத வேண்டும் என்பது முறை. அந்தச் சொல்லை நம் வீட்டில் ஒன்பது மாதமாக ஒரு பெட்டி தினம் இரண்டு வேளை சொல்லிவருவதால் இந்த முறை நான் எழுதாமல் விடுகிறேன். படித்து முடித்துவிட்டு நீயே முடிவு செய்துகொள். உன் உடம்பு, மதிவதனியின் முதுகுவலி, குழந்தையின் சளி எல்லாம் எப்படி இருக்கின்றன என்று மட்டும் தெரிவி. போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். போனில் நான் ஒரு கஷ்டத்தைப் பாதி சொல்வதற்குள் நீ அதற்குத் தீர்வு சொல்லிவிடுகிறாய். மீதிப் பாதி என்னிடமே தங்கிவிடுகிறது. கடிதத்தில் நீ குறுக்கே பேச முடியாது.

பொங்கலுக்கு நீ நான்கு அட்டைப்பெட்டிகளோடு அடி அண்ணாமலையில் அப்பா வீட்டில் வந்து இறங்கியதை நினைத்துப் பார். அம்மா போன பிறகு அப்பா உன்னோடு பெங்களூருக்கும் வரமாட்டேன், என்னோடு வேங்கிக்காலுக்கும் வரமாட்டேன் என்று சொல்லி இரண்டு வருஷம் ஆகியிருந்தது. பண்டிகை நாளில் லட்சம் பேர் ஒரே நேரத்தில் டிக்கெட் எடுக்க முட்டினாலும் சாயாத மென்பொருளைக் கட்டுவது உன் வேலை. எழுபத்துநாலு வயதில் தனியாக இருக்கும் ஒரு மனிதரைச் சாயாமல் வைப்பது அதைவிடப் பெரிய காரியமில்லை என்று நீ நினைத்தாய். நானும் நினைத்தேன், மறைக்கவில்லை. "எந்த சிஸ்டமும் ஒரு நாள் விழும்க்கா. விழவே கூடாதுன்னு கட்டுறவன் ஏமாந்துடுவான். விழுந்தாலும் நிக்கிற மாதிரி கட்டணும்" என்று நீ சொன்னபோது நான் பொங்கல் பானையைத் தேய்த்துக்கொண்டிருந்தேன். கை அப்படியே நின்றுவிட்டது. கல்லூரி நூலகத்தில் பதினெட்டு வருஷமாகப் புத்தகம் அடுக்குகிறேன், அவ்வளவு பெரிய உண்மை என் கண்ணில் பட்டதில்லை.

நீ கட்டியதை உனக்கே சொல்கிறேன், நான் சரியாகப் புரிந்துகொண்டேனா பார். அப்பா காலை ஆறு மணிக்கும் மாலை ஆறு மணிக்கும் கூடத்துச் சுவரில் இருக்கும் பெட்டியில் பட்டனை அமுக்க வேண்டும். அமுக்கினால் பட்டனுக்கு மேலே பச்சை விளக்கு எரியும், உன் போனிலும் என் போனிலும் "அப்பா நலம்" என்று நேரத்தோடு வரும். அரை மணி தாமதமானால் எனக்கு அழைப்பு. நான் எடுக்காவிட்டால் பக்கத்து வீட்டு இட்லிக் கடை கன்னியம்மாளுக்கு. அவளும் எடுக்காவிட்டால் ஆட்டோ முருகவேலுக்கு. அவன் நேரில் போய்ப் பார்த்துவிட்டுச் சொல்ல வேண்டும். கரண்ட் போனால் ஒரு பேட்டரி, அது போனால் இன்னொன்று. ஒரு கம்பெனி சிம் போனால் இன்னொரு கம்பெனி சிம். வீட்டுச் சாவி கூட மூன்று செய்து மூன்று இடத்தில் வைத்தாய்.

முதல் ஒன்றரை மாதம் ஒரு குறையும் இல்லை. அதுதான் உனக்குப் பொறுக்கவில்லை. "நெஜமா விழறதுக்கு முன்னாடி நாமளே ஒரு தடவ தள்ளிவிட்டுப் பாக்கணும்க்கா, எங்க ஆபீஸ்ல அப்படித்தான்" என்று பிறகு சொன்னாய். பிறகுதான் சொன்னாய். மாசி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பெங்களூரில் இருந்தபடியே பட்டனை நிறுத்திவைத்தாய். அன்று நான் தலைக்கு எண்ணெய் வைத்துக் குளித்துக்கொண்டிருந்தேன், அதனால் என் போன் தானாக அடித்து ஓய்ந்தது. கன்னியம்மாளின் இரண்டு கையிலும் மாவு, அவளால் போனை எடுக்க முடியவில்லை. முருகவேல் எடுத்தான். அவன் ஆட்டோவில் ஆந்திராவிலிருந்து வந்த மூன்று பேர் இருந்தார்கள், கிரிவலப் பாதையில் ஒவ்வொரு லிங்கமாகக் காட்டிக்கொண்டு வந்திருக்கிறான். அவர்களை இறக்கிவிட நேரமில்லாமல் அப்படியே நம் வீட்டு வாசலில் கொண்டுவந்து நிறுத்திவிட்டு உள்ளே ஓடினான். அவன் ஓடுவதைப் பார்த்து அவர்களும் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார்கள். பின்கட்டில் அப்பா இடுப்பில் துண்டோடு, முகமெல்லாம் வெள்ளையாகச் சோப்பு நுரையோடு, கண்ணை மூடிக்கொண்டு முக்காலியில் உட்கார்ந்திருந்தார். சவரத்துக்கு நுரை ஊறட்டும் என்று காத்திருந்தாராம். வந்தவர்கள் இதுவும் பார்க்க வேண்டிய இடங்களில் ஒன்று என்று நினைத்து வரிசையாக விழுந்து கும்பிட்டார்கள். ஒருவர் முருகவேலிடம் மெதுவாக, "இந்த சாமி பேசுமா, மௌனமா?" என்று கேட்டாராம். அதற்குள் கன்னியம்மாளும் கரண்டியோடு வந்து சேர்ந்தாள். அப்பா கண்ணைத் திறந்தபோது ஐந்து பேர் எதிரே நின்றார்கள், காலடியில் ஒரு சீப்பு வாழைப்பழம் இருந்தது.

நீ அன்று எனக்கு அனுப்பிய செய்தியை இன்னும் வைத்திருக்கிறேன்: "எட்டே நிமிஷத்துல ஆள் போய்ட்டாங்க, சூப்பர்." அப்பா அன்று என்ன சொன்னார் என்பது உனக்குத் தெரியாது. "இனிமே அந்த வெளக்கு அணையவே கூடாதும்மா" என்றார். நான் அதை உன் ஏற்பாட்டுக்குக் கிடைத்த பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன்.

அடுத்தது சித்ரா பௌர்ணமி. அன்று மாலை ஆறரைக்கு என் போன் அடித்தது, அப்பா பட்டனை அமுக்கவில்லை என்று. அவரைக் கூப்பிட்டால் லைன் போகவில்லை, கன்னியம்மாளுக்கும் போகவில்லை, முருகவேலுக்கும் போகவில்லை. கிரிவலப் பாதையில் வண்டி விடமாட்டார்கள். பாதி வேலையில் அடுப்பை அணைத்துவிட்டு நடந்தே கிளம்பினேன். வேங்கிக்காலிலிருந்து அடி அண்ணாமலைக்குக் கிட்டத்தில் போக வேண்டுமானால் வட பக்கமாகத்தான் போக வேண்டும், அதாவது சுற்றிவரும் லட்சம் பேருக்கு எதிரே. மலை வலப்பக்கம் இருக்க வேண்டிய இடத்தில் எனக்கு இடப்பக்கம் இருந்தது. நூறு அடிக்கு ஒருவராக என்னை நிறுத்தினார்கள். "ஏம்மா, தப்பாப் போறீங்க, சுத்தறது அந்தப் பக்கம்" என்றார்கள். "தெரியும்ங்க, வீட்டுக்குப் போறேன்" என்றால் நம்பவில்லை. ஒரு பெரியம்மா என் கையைப் பிடித்துத் திருப்பியே விட்டார், அவர் மனம் நோகக்கூடாது என்று பத்தடி அவரோடு நடந்துவிட்டுத்தான் திரும்பினேன். அப்பாவுக்கு என்ன ஆகியிருக்குமோ என்ற நினைப்போடு ஏழு கிலோமீட்டர். நான் அன்று வேண்டிக்கொண்டதையெல்லாம் இங்கே எழுத மாட்டேன்.

போய்ச் சேர்ந்தால் அப்பா வாசலில் அண்டா நிறையத் தண்ணீர் வைத்துக்கொண்டு வருகிறவர்களுக்கு மொண்டு கொடுத்துக்கொண்டிருந்தார். "ஏம்மா அருணா, கூட்ட நாள்ல வந்து மாட்டிக்கினியே" என்றார். "ஏம்பா பட்டன் அமுக்கல?" என்றேன். "யாரு அமுக்கல? ஆறு மணிக்கு அமுக்கினேன். வெளக்கு எரியலன்னு நாலு தபா அமுக்கினேன்." லட்சம் போன்கள் ஒரே நேரத்தில் வந்ததில் டவர் படுத்துவிட்டிருக்கிறது. மறுநாள் அந்த டவரின் அடியில் போய் நின்று பார்த்தேன். ஒன்று போனால் இன்னொன்று என்று நீ வைத்தாயே, அந்த இரண்டு கம்பெனிப் பலகையும் ஒரே கம்பத்தில் தொங்கின. கூட்டம் கொஞ்சம் நகர்ந்ததும், தேங்கி நின்ற செய்தியெல்லாம் வந்து விழுந்தது. உன் பெட்டி விடாமல் முயற்சி செய்துகொண்டே இருந்திருக்கிறது, பாவம். அப்பாவுக்கு எதிரே உட்கார்ந்து கன்னியம்மாள் கொடுத்த இட்லியைச் சாப்பிட்டுக்கொண்டிருந்த எனக்கு, அப்பா நலம் என்று நாற்பத்துமூன்று முறை செய்தி வந்தது.

அதற்குப் பிறகு நீ ஏதோ திருத்தினாய். பௌர்ணமி அன்று மட்டும் பொறுமையாக இருக்கும்படி பெட்டிக்குச் சொல்லிக் கொடுத்தாய். ஆடி, ஆவணி எல்லாம் ஒழுங்காகப் போயிற்று. ஒரு வேளை கூடத் தப்பாமல் பச்சை வந்தது. இனி எழுதப்போவது என்னைப் பற்றி, அதை நான் மெதுவாகத்தான் எழுத வேண்டும். பெட்டி வருவதற்கு முன்பு ஒருநாள் விட்டு ஒருநாள் கல்லூரி முடிந்ததும் ஷேர் ஆட்டோ பிடித்துப் போய் அப்பாவைப் பார்த்துவிட்டு வருவேன், கையில் ஒரு டப்பா குழம்பு இருக்கும். பெட்டி வந்த பிறகு ஒரு நாள் மழை, பச்சை வந்திருக்கிறதே என்று போகவில்லை. இன்னொரு நாள் கல்லூரியில் ஆய்வுக்குழு, பச்சை வந்தது, போகவில்லை. பிறகு காரணமே தேவைப்படவில்லை. காலையில் போனைப் பார்ப்பேன், பச்சை. அப்பாவைப் பார்த்துவிட்டது போல இருக்கும். புரட்டாசியில் ஒரு முறை கணக்குப் பார்த்தேன், அவர் முகத்தைப் பார்த்துப் பதினோரு நாள் ஆகியிருந்தது.

அந்தப் பதினோராவது நாள் நான் ஆஸ்பத்திரிக்குப் போனேன், எனக்காக. ஆறு மாதமாக எனக்கு உதிரம் ஜாஸ்தியாகப் போய்க்கொண்டிருந்தது. தம்பிக்கு எழுதுகிற விஷயமில்லை, ஆனாலும் எழுதுகிறேன். ஸ்கேன் எடுத்துக்கொண்டு கவரோடு வராந்தாவில் வந்தால், டீ வாங்குகிற வரிசையில் அப்பா நிற்கிறார்.

"நீ எங்கம்மா இங்க?" என்றார்.

"நீங்க எங்கப்பா இங்க?"

"நம்ம தெரு சின்னசாமிய சேத்துருக்காங்க. பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்."

அவர் இடது கையில் குளுக்கோஸ் ஏற்றுகிற ஊசி குத்தி, மேலே பிளாஸ்திரி ஒட்டியிருந்தது. "அப்ப இது?" என்றேன்.

"இதுவா. சும்மா குத்தினாங்க."

"சின்னசாமிக்குக் குத்த வேண்டியத உங்களுக்குக் குத்திட்டாங்களா?"

அவர் சிரிக்கவில்லை. "உன் கையில இன்னா கவரு?" என்றார்.

"காலேஜ் பேப்பரு."

கவரின் மேல் என் பெயரும் வயதும் எந்தப் பாகத்தை ஸ்கேன் செய்தார்கள் என்பதும் கொட்டை எழுத்தில் இருந்தன. அப்பாவுக்குக் கண்ணாடி இல்லாமல் படிக்க வராது, அந்த ஒரு நல்ல காலம். நான் போனை எடுத்துப் பார்த்தேன். அப்பா நலம், காலை 6:02.

அவர் அங்கே சேர்ந்து மூன்று நாள் ஆகியிருந்தது, எழில். நெஞ்சில் சளி கட்டிக் காய்ச்சலோடு பின்கதவுக்கிட்ட மயங்கி விழுந்திருக்கிறார். இட்லி கொடுக்க வந்த கன்னியம்மாள் பார்த்துவிட்டு முருகவேலைக் கூப்பிட்டுக் கொண்டுபோய்ச் சேர்த்திருக்கிறாள். டாக்டரம்மா என்னிடம், "இன்னும் ஒரு நாள் விட்டிருந்தீங்கன்னா" என்று தொடங்கி மீதியைச் சொல்லாமல் நிறுத்திக்கொண்டார். ஆட்டோவில் ஏற்றும்போது அப்பாவுக்கு நினைவு வந்திருக்கிறது. முதலில் சொன்னது என்ன தெரியுமா: "கன்னியம்மா, ஆறு மணிக்கு மறக்காம அமுக்கிடு. புள்ளைங்க பயந்துடும்." விழுந்தாலும் நிற்கிற மாதிரி கட்ட வேண்டும் என்றாய். நீ கட்டியது நின்றது. அப்பாதான் விழுந்தார்.

கன்னியம்மாளிடம் போய்ச் சண்டை போட்டேன். அவள் இட்லித் தட்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"ஆஸ்பத்திரில இருக்கிறவருக்கு நீங்க எப்படிக்கா அமுக்கலாம்?"

"மாமாதான் சொல்லிட்டுப் போச்சு. காலைல ஆறு, சாயங்காலம் ஆறு. ஒரு வேள தப்பல. நீயே பாத்திருப்பியே."

"அது தப்புக்கா."

"எது தப்பு? அன்னிக்கு வெளக்கு எரியலன்னு ஊருல போறவன் வர்றவன்லாம் ஓடியாந்து மாமாவ துண்டோட பாத்தான். அன்னிலேருந்து மாமா எங்கனா போச்சுன்னா நான்தான் அமுக்கறேன். சந்தைக்குப் போனா நான், தோட்டத்துல இருந்தா நான். எரிஞ்சா ஒருத்தரும் வர்றதில்ல, நீ கூடத்தான் வர்ல. எரியறது நல்லதா அணையறது நல்லதான்னு நான் இன்னாத்த கண்டேன்?"

அவள் இரண்டு இட்லியை இலையில் வைத்துக் கொடுத்தாள், நின்றுகொண்டே தின்றுவிட்டு வந்தேன்.

இதைப் படிக்கும்போதே நீ அடுத்த பெட்டியை யோசிக்க ஆரம்பித்திருப்பாய், உன்னை எனக்குத் தெரியும். கைரேகை வைத்தால்தான் எரிகிற பட்டன், கூடத்தில் ஒரு கேமரா, கையில் கட்டுகிற கடிகாரம். வேண்டாம். அப்பா அந்தக் கடிகாரத்தைக் கன்னியம்மாள் கையில் கட்டிவிட்டுத்தான் ஆஸ்பத்திரிக்குப் போவார். அவர் ஏமாற்றுகிறார் என்று நினைக்காதே. தான் விழுந்தது தெரிந்தால் நாம் பதறுவோம், பதறினால் நம் வேலை கெடும், அதனால் நம்மைச் சாயாமல் வைத்திருக்கிறார். அவரும் உன் தொழில்தான் செய்கிறார், சம்பளம் இல்லாமல்.

இப்போது எதற்காக எழுத உட்கார்ந்தேனோ அதற்கு வருகிறேன். அப்பா தேறி வீட்டுக்கு வந்துவிட்டார். என் ஸ்கேன்தான் தேறவில்லை. கர்ப்பப்பையை எடுத்துவிட வேண்டும் என்கிறார்கள். வேலூரில் நவம்பர் பதினேழாம் தேதி சேர வேண்டும், மறுநாள் ஆபரேஷன். பெரிய ஆபத்து ஒன்றுமில்லை, தினம் பத்துப் பேருக்குச் செய்கிறோம் என்கிறார்கள். எனக்குப் பயமாக இருக்கிறது. அந்தப் பத்துப் பேருக்கும் பயமாகத்தான் இருந்திருக்கும், ஆனால் அவர்கள் யாரும் என்னைப் போலத் தனி ஆள் இல்லை என்று நினைத்துக்கொள்கிறேன். அதன் பிறகு மூன்று வாரம் ஆட்டோவில் ஏறக்கூடாது, ஒரு குடம் தண்ணீர் தூக்கக்கூடாது. பொங்கல் அன்று யாரோ வீட்டுக் கல்யாணப் பத்திரிகையின் பின்பக்கம் நீ வரைந்து காட்டிய படத்தை நேற்று எடுத்துப் பார்த்தேன். பேட்டரிக்குக் கீழே பேட்டரி, சிம்முக்குக் கீழே சிம், முருகவேலுக்குக் கீழே அவன் மச்சான் வல்லரசு. நடுவில் ஒரு வட்டம் போட்டு "அக்கா" என்று எழுதியிருக்கிறாய். எல்லாக் கோடும் அதில் வந்து சேர்கிறது. அந்த வட்டத்துக்குக் கீழே ஒன்றும் இல்லை. காகிதத்தில் இடம் இருக்கிறது, தம்பி. நீ வரையவில்லை.

அதனால் நீ வா. அப்பாவோடு அந்த வீட்டில் மூன்று வாரம் இரு. உன் வேலையை அங்கிருந்தே செய், உனக்குத்தான் இரண்டு சிம் இருக்கிறதே. காலையில் எழுந்து அவர் முகத்தைப் பார், இருமுகிறாரா என்று கேள், சாப்பிட்டாரா என்று தட்டைப் பார். பெட்டி எதுவும் கொண்டுவராதே. கையை வீசிக்கொண்டு வா. விடுமுறை கிடைக்காது என்று சொல்லாதே. நீ இல்லாவிட்டாலும் உன் ஆபீஸ் நிற்கும்படிதானே இத்தனை வருஷமாக அதைக் கட்டியிருக்கிறாய்.

மதிவதனிக்கு என் அன்பைச் சொல். குழந்தையின் நெற்றியில் எனக்காக ஒரு முத்தம் கொடு. உன் வேலை உயரட்டும், உன் வீடு நிறைந்திருக்கட்டும், அண்ணாமலையார் உன்னை எந்தக் குறையும் அண்டாமல் வைத்துக்கொள்ளட்டும்.

என்றும் உன் நன்மை வேண்டும்,
அருணாதேவி.

பி.கு.: இதை எழுதி நான்கு நாள் ஆகிறது. தபாலில் சேர்க்கத் தைரியம் வராமல் கைப்பையில் வைத்துக்கொண்டிருந்தேன். முந்தாநாள் அடி அண்ணாமலைக்குப் போனபோது, பேனா வேண்டும் என்று என் பையைத் திறந்த அப்பா இதை எடுத்துக் கண்ணாடி போட்டுக்கொண்டு முழுவதும் படித்துவிட்டார். கண்ணாடியைக் கழற்றி மடித்து வைத்தார். பிறகு, "ஆபரேசனா" என்றார். "சின்னதுதாம்பா" என்றேன். "சின்னதுன்னா எதுக்கு மூணு வாரம்" என்றார். பிறகு, "எழில எதுக்குக் கூப்புடற, எனக்குக் காவலு இருக்கறதுக்கா? நான் இங்க இருந்தாத்தான காவலு. நான் உங்கூட வேலூரு வர்றேன்" என்றார். எவ்வளவு சொல்லியும் கேட்கவில்லை. ஆகவே மேலே நான் "வா" என்று எழுதிய இடங்களையெல்லாம் அடித்துவிட்டுப் படி. நீ வர வேண்டாம், அங்கே காப்பதற்கு ஆள் இருக்காது.

நேற்று இரண்டு பேருமாக வேலூர் போய்ப் பெயர் பதிந்துவிட்டு வந்தோம். நோயாளியின் துணையாள் என்ற இடத்தில் அப்பா தன் பெயரைச் சகாதேவன் என்று முழுதாக எழுதிக் கையெழுத்துப் போட்டார். கவுண்டரில் இருந்த பெண் வயதைப் பார்த்துவிட்டு, "தாத்தா, எழுவத்திநாலா? உங்களுக்கே ஒரு ஆள் வேணுமே. வேற யாராவது இருக்காங்களா?" என்றாள். "எம் புள்ள வர்றான்" என்றார் அப்பா, ஒரு நொடி கூட யோசிக்கவில்லை. "என்னைக்கு வர்றாரு?" என்றாள். "பதினேழாம் தேதி காலைல." அவள் உன் பெயரைக் கேட்டு எழுதிக்கொண்டாள். நான் பக்கத்தில்தான் நின்றேன், வாயைத் திறக்கவில்லை. உன் பெயருக்கு எதிரே கையெழுத்துக்கு ஒரு கட்டம் காலியாக இருக்கிறது. போனில் சம்மதம் சொன்னால் போதுமா என்று கேட்டேன். போதாதாம், நேரில் வந்துதான் போட வேண்டுமாம்.